மனித உடலின் இயக்கம்: என்பு, தசை, மூட்டு ஆகியவற்றின் கூட்டுப்பணி

முன்னுரை

மேசைமேல் இருக்கும் தேநீர்க் குவளையை எடுத்து வாயருகே கொண்டு செல்கிறோம். இச்செயலுக்கு இரண்டு நொடிகள்கூட ஆவதில்லை. செய்கிறோம் என்னும் எண்ணமும் நமக்கு எழுவதில்லை. ஆயினும் அந்த இரண்டு நொடிகளில் தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல்கள் ஆகிய இடங்களிலுள்ள பல மூட்டுகள் திரும்புகின்றன. பல தசைகள் சுருங்குகின்றன. அவற்றுக்கு எதிரானவை அதே அளவிற்குத் தளர்ந்து இடம் கொடுக்கின்றன. இவற்றுள் ஒன்று தன் பங்கைச் செய்யத் தவறினாலும் தேநீர் சட்டையில்தான் சிந்தும்.

என்பு தானாக அசையாது. தசை தனித்து நின்று எதனையும் தூக்காது. மூட்டுக்குத் தனக்கென ஆற்றல் இல்லை. மூன்றும் கூடும்போதே இயக்கம் பிறக்கிறது. இக்கூட்டுப்பணி எவ்வாறு நடைபெறுகிறது என்பதையும், இயங்காதிருந்தால் இவ்வுறுப்புகளுக்கு நேர்வது யாது என்பதையும் இக்கட்டுரை எடுத்துரைக்க முற்படுகிறது.

சொல்லும் பொருளும்

தமிழ் மாணவர் அறிவியல் பொருளை அணுகும்போது முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக்கொள்வது நலம். பேச்சு வழக்கில் ‘நரம்பு’ என்னும் ஒரு சொல் பல பொருள்களைச் சுமக்கிறது. ஊசி போடுபவர் “நரம்பு கிடைக்கவில்லை” என்னும்போது அவர் குறிப்பது இரத்தக் குழாயை. “காலில் நரம்பு இழுத்துக்கொண்டது” என்று நாம் சொல்லும்போது இழுத்துக்கொண்டது பெரும்பாலும் தசை. பண்டைத் தமிழில் யாழின் தந்தியும் நரம்பு எனப்பட்டது. இம்மயக்கம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. இன்று நரம்பைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும், ‘அஸப்’ என்னும் அரபுச் சொல்லும் தொடக்கத்தில் உடலின் கெட்டியான நாரையும் குறித்தவையே. வெட்டிப் பார்த்தவர் கண்களுக்கு நரம்பும் நாணும் ஒன்றுபோல் வெண்மையாய், நீண்ட கயிறாய்த் தோன்றியதே இதற்குக் காரணம் எனலாம்.

இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ என்னும் மருத்துவப் பெருநூலின் முதற் பகுதியில் என்பு, தசை, நரம்பு ஆகியவற்றைத் தனித்தனியே விளக்குகிறார். தசையை என்புடன் சேர்க்கும் கயிற்றுக்கு அந்நூலில் வழங்கும் பெயர் ‘வதர்’ என்பதாகும். வில்லின் நாணுக்கும் அரபியில் அதுவே பெயர். தமிழில் நாம் அதனைத் ‘தசைநாண்’ என்கிறோம். இருமொழியாளரும் வில்லையே நினைத்திருக்கின்றனர் என்பது எண்ணி மகிழத்தக்கது. என்பை என்புடன் கட்டும் நாருக்கு அரபியில் ‘ரிபாத்’ என்று பெயர். கட்டு என்பது அதன் பொருள். தமிழ் நூல்கள் சில இதனைத் தசைநார் எனக் குறிக்கும். இந்நாருக்கும் தசைக்கும் நேர்த்தொடர்பு இன்மையால், மயக்கம் தவிர்க்க இக்கட்டுரையில் ‘பிணைநார்’ என்றே குறிப்போம்.

என்பு

வளர்ந்த மனிதனின் உடலில் 206 என்புகள் உள்ளன. பிறந்த குழந்தைக்கு ஏறத்தாழ 300 உண்டு. வளர வளரச் சில ஒன்றோடொன்று இணைந்து எண்ணிக்கை குறைகிறது. மிக நீண்டது தொடை என்பு. மிகச் சிறியது செவியினுள் இருக்கும் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் அளவான அங்கவடி என்பு. ஒரு கையில், மணிக்கட்டு முதல் விரல் நுனி வரை மட்டும், 27 என்புகள் அமைந்துள்ளன.

என்பு என்றவுடன் உயிரற்ற கல்போன்ற பொருளையே நாம் எண்ணுகிறோம். அது பிழை. என்பினுள் இரத்தம் ஓடுகிறது. பழைய பகுதி கரைக்கப்பட்டுப் புதிய பகுதி கட்டப்பட்டுக்கொண்டே இருக்கிறது. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுண்ணாம்புச் சத்து முதலிய தாதுப் பொருள். எஞ்சியதில் பெரும்பகுதி புரத நார். இவ்விரண்டின் பணியையும் வீட்டிலேயே அறியலாம். கோழியின் கால் என்பு ஒன்றைக் காடியில் சில நாள் ஊறவைத்தால் தாதுப் பொருள் கரைந்துவிடும். பின்னர் அந்த என்பு வளையும். மற்றொன்றை நெருப்பில் நன்கு சுட்டால் நார் அழிந்துவிடும். பின்னர் அது தொட்டவுடன் நொறுங்கும். தாது கடினத்தைத் தருகிறது. நார் முறியாத் தன்மையைத் தருகிறது.

மூட்டு

இரண்டு என்புகள் சந்திக்கும் இடமே மூட்டு. மண்டையோட்டு என்புகளின் மூட்டுகள் அசையாதவை. மூளைக்கு அவை காவல். அசையும் மூட்டுகளோ பல வகையின. முழங்கை, கதவின் கீலைப்போல் ஒரு தளத்தில் மடங்கி விரியும். தோளும் இடுப்பும் கிண்ணத்தில் பந்து உருள்வதுபோல் பல திசைகளிலும் சுழலும். கழுத்தின் முதல் என்பு இரண்டாம் என்பிலுள்ள முளையைச் சுற்றித் திரும்புவதால் தலையை வலமும் இடமும் திருப்ப இயல்கிறது. கட்டைவிரலின் அடிமூட்டு குதிரைச் சேணம்போல் அமைந்தது; அதனாலேயே கட்டைவிரல் பிற விரல்களை எதிர்கொண்டு தொடுகிறது. எழுதுகோலைப் பிடிப்பதும் ஊசியில் நூல் கோப்பதும் அம்மூட்டின் கொடை.

பந்துக்கிண்ண மூட்டுகள் இரண்டையும் ஒப்பிட்டால் ஓர் உண்மை புலப்படும். இடுப்பின் கிண்ணம் ஆழமானது. உடலின் எடையைத் தாங்க உறுதி வேண்டும். தோளின் கிண்ணம் ஆழமற்றது; கை எத்திசையிலும் செல்ல உரிமை வேண்டும். உரிமை மிகுந்ததால் உறுதி குறைந்தது. பெரிய மூட்டுகளுள் அடிக்கடி நழுவுவது தோளே ஆகும்.

அசையும் மூட்டில் என்பு முனைகளை வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. சுற்றிலும் ஓர் உறை. உறையினுள் முட்டையின் வெண்கருபோன்ற மூட்டுநீர். பனிக்கட்டிமேல் பனிக்கட்டி வழுக்குவதைவிட இங்கு உராய்வு குறைவு. இங்கு நாம் மனத்திற்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. குருத்தெலும்பினுள் இரத்தக் குழாய்கள் இல்லை. அதற்கு உணவு மூட்டுநீரிலிருந்தே கிடைக்கிறது. மூட்டின்மீது எடை அழுந்தும்போது கழிவு நீர் பிழியப்படுகிறது. எடை நீங்கும்போது புதிய நீர் உறிஞ்சப்படுகிறது. நனைந்த பஞ்சைப் பிழிந்து விடுவது போன்றது இது. அசைந்தால்தான் மூட்டுக்கு உணவு. அசையாத மூட்டு பட்டினி கிடக்கிறது.

தசை

என்புகளை அசைக்கும் தசைகள் 600-க்கு மேற்பட்டவை. உடல் எடையில் ஏறத்தாழ 40 விழுக்காடு இவற்றுடையது. ஒவ்வொரு தசையும் மெல்லிய இழைகளின் கட்டு. ஒவ்வோர் இழையினுள்ளும் ஆக்டின், மயோசின் என்னும் இருவகைப் புரத நூல்கள் அடுக்கடுக்காய் அமைந்துள்ளன.

தசை சுருங்குகிறது என்கிறோம். ஆனால் அந்நூல்கள் சுருங்குவதில்லை. இரு கைவிரல்களையும் எதிரெதிரே நீட்டி, விரலிடுக்குகளில் விரல்கள் நுழையுமாறு கைகளை நெருக்கிப் பாருங்கள். விரல்களின் நீளம் குறையவில்லை. ஆனால் இரு மணிக்கட்டுகளுக்கும் இடைப்பட்ட தொலைவு குறைகிறது. தசையிலும் இதுவே நிகழ்கிறது. மயோசின் நூலிலுள்ள நுண்ணிய தலைகள் ஆக்டின் நூலைப் பற்றி இழுத்து, விட்டு, மீண்டும் பற்றுகின்றன. படகோட்டி துடுப்பு வலிப்பது போன்ற செயல் இது. 1954-ஆம் ஆண்டில் இரு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே இவ்வுண்மையை வெளியிட்டன. ஒரு குழுவில் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் நீடெர்கெர்கேயும், மற்றொன்றில் ஹியூ ஹக்ஸ்லியும் ஜீன் ஹான்சனும் இருந்தனர்.

பற்றிய பிடியை விடுவதற்கு ஏடிபி என்னும் ஆற்றல் பொருள் தேவை. இழுக்க மட்டுமன்று, விடவும் ஆற்றல் வேண்டும் என்பது வியப்புக்குரியது. உயிர் பிரிந்தபின் ஏடிபி உற்பத்தி நின்றுவிடுகிறது. பற்றிய தலைகள் விடுபட இயலாமல் நின்றுவிடுகின்றன. இறந்தோர் உடலைக் குளிப்பாட்டிய பெரியவர்கள், நேரம் கடந்தால் உடல் விறைத்துப்போவதை அறிவார்கள். சில மணி நேரத்தில் தொடங்கும் அவ்விறைப்பு, புரதம் சிதையத் தொடங்கியபின் ஓரிரு நாளில் தானே தளர்கிறது. உயிருள்ள உடலின் மென்மை என்பது ஒவ்வொரு கணமும் ஆற்றலைச் செலவிட்டுப் பெறப்படும் ஒன்று.

இழுக்கும், தள்ளாது

தசையைப் பற்றிய தலையாய உண்மை இது: தசைக்கு இழுக்கத் தெரியும், தள்ளத் தெரியாது. நாம் கதவைத் தள்ளும்போதும் உள்ளே தசைகள் என்புகளை இழுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. முழங்கையை மடக்கிய தசை அதனை நீட்ட முடியாது. நீட்டுவதற்கு வேறொரு தசை மறுபுறம் இருந்து இழுத்தாக வேண்டும். ஆதலால் தசைகள் பெரும்பாலும் எதிரெதிர் இணைகளாக அமைந்துள்ளன. மேற்கையின் முன்புறமுள்ள இருதலைத் தசையும் அதன் அடியிலுள்ள தசையும் முன்கையை மடக்குகின்றன. பின்புறமுள்ள முத்தலைத் தசை நீட்டுகிறது.

இரண்டும் ஒரே நேரத்தில் முழு ஆற்றலுடன் இழுத்தால் கை அசையாது நிற்கும். ஒன்று இழுக்கும்போது மற்றது விட்டுக்கொடுக்க வேண்டும். இதனை நரம்பு மண்டலம் பார்த்துக்கொள்கிறது. ஒரு தசை சுருங்க ஆணை பெறும்போதே அதன் எதிர்த்தசைக்குச் செல்லும் தூண்டல் தண்டுவடத்தில் அடக்கப்படுகிறது என்பதை ஆங்கில அறிஞர் செரிங்டன் விளக்கினார். நரம்பணுக்களின் பணி பற்றிய ஆய்வுக்காக 1932-இல் ஏட்ரியனுடன் நோபெல் பரிசும் பெற்றார். எனினும் எதிர்த்தசை முற்றிலும் ஓய்ந்துவிடுவதில்லை. குவளை வாயை நெருங்கும்போது வேகத்தைக் குறைத்து நிறுத்துவதில் அதற்கும் பங்கு உண்டு.

தசை எவ்வளவு நீண்டுள்ளது, எவ்வளவு வேகத்தில் நீள்கிறது என்பதைத் தசையினுள்ளேயே இருக்கும் நுண்ணிய உணர்வுறுப்புகள் நொடிக்கு நொடி அறிவிக்கின்றன. கண்களை மூடிக்கொண்டு மூக்கின் நுனியைத் தொட நம்மால் முடிவது இதனாலேயாகும்.

நெம்புகோல்

உடலின் பல இயக்கங்கள் நெம்புகோல் தத்துவத்தில் அமைந்தவை. என்பு கோல்; மூட்டு ஆதாரம்; தசை விசை; தூக்கப்படும் பொருள் பளு. முழங்கையை எடுத்துக்கொள்வோம். முழங்கை மூட்டிலிருந்து உள்ளங்கை வரை ஏறத்தாழ 35 சென்டிமீட்டர். மூட்டிலிருந்து இருதலைத் தசையின் நாண் பற்றியுள்ள இடம் வரை ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். உள்ளங்கையில் 5 கிலோ அரிசிப் பையைத் தாங்கினால், முன்கையின் எடையைக் கணக்கில் கொள்ளாமலே, மடக்கும் தசைகள் 35 கிலோ எடைக்கு ஈடாக இழுக்க வேண்டியுள்ளது.

இஃது இழப்பு எனத் தோன்றும். ஆனால் தசை 1 சென்டிமீட்டர் சுருங்கினால் கை 7 சென்டிமீட்டர் நகர்கிறது. விசையைக் கொடுத்து வேகத்தையும் வீச்சையும் வாங்கும் வாணிகம் இது. மனிதன் கல்லெறிவதும், பந்து வீசுவதும், விரைந்து எழுதுவதும் இவ்வாணிகத்தின் ஆதாயம். இத்தாலிய அறிஞர் பொரெல்லி தம் மறைவுக்குப் பின் 1680–81-இல் வெளியான நூலில், தசைகள் தாம் தாங்கும் பளுவைவிடப் பன்மடங்கு விசையுடன் இழுக்கின்றன என்று கணக்கிட்டுக் காட்டினார்.

பெரியவர்களுக்குப் பயன்படும் கணக்கு ஒன்றையும் காண்போம். நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் சிறிது நேரம் ஒற்றைக்காலில் நிற்கிறோம். 60 கிலோ எடையுள்ளவர் வலக்காலில் நிற்கையில், அக்காலுக்கு மேலுள்ள ஏறத்தாழ 50 கிலோ எடை, வல இடுப்பு மூட்டிலிருந்து உட்புறமாக ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் தள்ளிச் செயல்பட்டு உடலை இடப்புறம் சாய்க்க முயல்கிறது. இடுப்பின் வெளிப்புறத் தசை மூட்டிலிருந்து 5 சென்டிமீட்டர் தொலைவிலேயே நின்று அதனைத் தடுக்க வேண்டும். தொலைவு பாதி, ஆகவே விசை இருமடங்கு, அதாவது 100 கிலோ. எடையும் இழுவையும் சேர்ந்து மூட்டின்மீது அழுந்துவது 150 கிலோ.

வல இடுப்பு வலிக்கும் ஒருவர் ஊன்றுகோலை எக்கையில் பிடிக்க வேண்டும்? பலர் வலக்கையில் பிடிக்கின்றனர். சரியானது இடக்கை. இடக்கைக் கோல் வல இடுப்பிலிருந்து ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் தள்ளி ஊன்றப்படுகிறது. அதன்மீது 5 கிலோ அளவே அழுத்தினாலும், நீண்ட தொலைவின் பயனாய்த் தசையின் இழுவை 100-இலிருந்து 60 கிலோவாகக் குறைகிறது. மூட்டின்மீது அழுந்துவது 105 கிலோவாகிறது. ஐந்து கிலோ அழுத்தம் நாற்பத்தைந்து கிலோ சுமையை இறக்கிவிடுகிறது. வலிக்கும் பக்கத்திலேயே கோலை ஊன்றினால் இந்நன்மையின் பெரும்பகுதி கிட்டாது.

கண்டறிந்த வரலாறு

இவ்வறிவு எளிதில் கிட்டியதன்று. கிரேக்க மருத்துவர் கேலன், அரபு நூல்கள் ஜாலினூஸ் என அழைப்பவர், இரண்டாம் நூற்றாண்டில் எழுதியவையே பல நூற்றாண்டுகள் இறுதி வாக்காகக் கருதப்பட்டன. கீழ்த்தாடை இரண்டு என்புகளால் ஆனது என்பது அவர் கூற்று. பக்தாதைச் சேர்ந்த அப்துல் லத்தீஃப் (1162–1231) எகிப்தில் இருந்த காலத்தில், 1200 முதல் 1202 வரை அங்குக் கொடும்பஞ்சம் நிலவியது. கெய்ரோவை அடுத்த மக்ஸ் என்னும் இடத்தில் மாண்டோரின் என்புகள் குன்றெனக் குவிந்து கிடந்தன. அவர் அங்குச் சென்று, பிறரையும் பார்க்கச் செய்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மண்டையோடுகளை ஆராய்ந்தார். கீழ்த்தாடை ஒரே என்பு. அதில் இணைப்புத் தடம் ஏதுமில்லை என்று கண்டார். கேலனின் பெருமையை அவர் மறுக்கவில்லை. எனினும் கண்ணால் கண்டது நூலில் படித்ததைவிட நம்பத்தக்கது என்று தம் எகிப்து நூலில் எழுதினார். 1543-இல் வெசாலியஸ் தம் உடற்கூற்று நூலை வெளியிட்டுக் கேலனின் பிழைகள் பலவற்றைத் திருத்துவதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முற்பட்டது இந்நிகழ்ச்சி. ஆசிரியரை மதிப்பதும், அவர் கூற்றை ஆராய்வதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்னும் பாடத்தை மாணவர் இதிலிருந்து பெறலாம்.

இயங்காமையின் விலை

பொறி ஓட ஓடத் தேயும். உடலோ உழைப்புக்கேற்பத் தன்னைக் கட்டிக்கொள்ளும் இயல்புடையது. எடை தாங்கும் திசைக்கேற்ப என்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்பதை ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வூல்ஃப் 1892-இல் எடுத்துரைத்தார். டென்னிசு வீரர்களின் ஆடும் கை என்பு மற்றக் கையினதைவிடப் பருத்திருப்பது இதற்குச் சான்று. மறுதலையாக, எடையற்ற விண்வெளியில் வாழும் வீரர்கள், தக்க பயிற்சி இல்லையெனில், எடை தாங்கும் என்புகளில் மாதத்திற்கு ஏறத்தாழ 1 விழுக்காடு தாதுப் பொருளை இழக்கின்றனர். மாவுக்கட்டைப் பிரித்தவுடன் கால் மெலிந்திருப்பதைக் கண்டோர் தசையின் இயல்பை அறிவர்.

முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பின் இக்குறைவு விரைவாகிறது. தசை குறைந்தவர் தடுக்கினால் தம்மைத் தாங்கிக்கொள்ள இயலாமல் விழுகிறார், தாது குறைந்த என்பு முறிகிறது, முறிந்தபின் படுக்கை, படுக்கையினால் மேலும் தசை இழப்பு. பல குடும்பங்கள் கண்ட துயரச் சங்கிலி இது.

இச்சங்கிலியில் நம் அன்பும் ஒரு கண்ணியாகிவிடுகிறது என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியுள்ளது. “வாப்பா, நீங்கள் எழ வேண்டாம், தண்ணீரை நான் கொண்டு வருகிறேன்” என்கிறோம். “உம்மா, படியேறாதீர்கள், கீழேயே இருங்கள்” என்கிறோம். மரியாதை கருதிச் சொல்லும் இச்சொற்கள் நாள்தோறும் தொடர்ந்தால், எழும் தசை எழ மறந்துவிடும். அசையாத மூட்டு இறுகிவிடும். முடியாதவருக்கு உதவுவது கடமை. முடிகின்றவரை முடியாதவராக்குவது உதவியாகாது.

முதுமை வந்தபின் பயனில்லை எனக் கருதுவோருக்கு ஓர் ஆய்வு விடை தருகிறது. 1990-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில், முதியோர் இல்லம் ஒன்றில் வாழ்ந்த, சராசரி வயது 90 உடைய பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால் தசைகளுக்கு எடைப் பயிற்சி அளிக்கப்பட்டது. முடித்த ஒன்பது பேரின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு மிகுந்தது, நடைவேகமும் கூடியது. தொண்ணூறிலும் தசை செவிசாய்க்கிறது என்பது அதன் முடிவு. வீட்டில் செய்வதற்கு எடைக்கருவி வேண்டியதில்லை. உறுதியான நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் மெல்ல எழுந்து அமர்வதைச் சில முறை செய்வதே நல்ல தொடக்கம். நோயுடையோர் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது முறை. முதல் நாள்களில் அருகில் ஒருவர் நிற்பதும் நலம். உம்மாவின் அருகில் நிற்கும் அந்த ஒருவர், கொண்டுவந்து கொடுக்கும் ஒருவரைவிடப் பெரிய தொண்டு செய்கிறார்.

மாணவர்க்கும் இதில் பங்குண்டு. என்பின் தாது வளம் ஏறத்தாழ முப்பது வயதுக்குள் உச்சத்தை அடைகிறது. இளமையில் நடந்தும் ஓடியும் ஆடியும் சேர்த்த செல்வமே பின்னாளில் செலவழிக்கப்படுகிறது. மணிக்கணக்கில் அமர்ந்து படிப்போர் இடையிடையே எழுந்து நடப்பது படிப்புக்கு இடையூறன்று.

முடிவுரை

என்பு தாங்குகிறது, மூட்டு வழிவிடுகிறது, தசை இழுக்கிறது, எதிர்த்தசை விட்டுக்கொடுக்கிறது, நரம்பு இவற்றை இணக்குகிறது. இவற்றுள் எதனையும் உயர்ந்தது எனப் பிரிக்க முடியாது. இயக்கம் இவ்வுறுப்புகளால் நிகழ்கிறது. இவ்வுறுப்புகளும் இயக்கத்தாலேயே வாழ்கின்றன. ஆகவே இக்கட்டுரையைப் படித்து முடிக்கும் மாணவர், இன்று மாலை வீடு திரும்பியதும் தம் பெற்றோரையோ பாட்டனாரையோ கைபிடித்து அழைத்துக்கொண்டு தெருக்கோடி வரை நடந்து வருவாராக. படித்த பாடத்திற்கு அதுவே சிறந்த பயிற்சி.